அழுத பிள்ளைக்கு மட்டும்தானா பால்?



ஆண்டு மலரில் எழுதச் சொன்னால் நட்பைப் பற்றி எழுதுவோம், காதலைப் பற்றி எழுதுவோம், இந்தியா வல்லரசாவதைப் பற்றி எழுதுவோம். நான் ஒரு பாரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். ஆமாம், கல்வி உதவித்தொகை விண்ணப்பப் பாரம்தான். "இதுல எழுத என்னடா இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பாரம் என்றால் சுமை என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அந்தச் சுமையைத் தனியாகத் தூக்கி, தூக்க முடியாமல் பாதியில் இறங்கிப் போன ஒருவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் பெஞ்சுக்காரன் அவன். பத்தாவது முடித்து என்னோடு சேர்ந்தவன். வொர்க்ஷாப்பில் நாங்கள் எல்லாம் பைலிங் செய்து கை கொப்புளமாகி நிற்கும்போது, அவன் ஜாப்பை முடித்து ட்ரை ஸ்கொயர் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பான். வெளிச்சமே புகாது. அப்பா இல்லை. அம்மாவுக்கு தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மூன்றாவது செமஸ்டர் பாதியில் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. போன் போட்டால், "மாப்ள, எனக்கு இந்தப் படிப்பு செட் ஆகலடா" என்றான். நாங்களும் நம்பினோம். லேத்தில் எங்களுக்கே சொல்லிக்கொடுத்தவனுக்குப் படிப்பு செட் ஆகவில்லையாம்! இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உண்மை என்ன தெரியுமா? பீஸும் மெஸ் பாக்கியும் சேர்த்து 6,400 ரூபாய். அவ்வளவுதான். உதவித்தொகை வந்தால் கட்டிவிடலாம் என்று காத்திருந்தான். வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

நாலு மாதம் கழித்து அவன் அம்மா குழுக்கடன் வாங்குவதற்காக வீட்டிலிருந்த பாஸ்புக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போயிருக்கிறார். அவன் ஒன்பதாவது படிக்கும்போது ஆரம்பித்து, மறந்தே போன ஒரு கணக்கு. என்ட்ரி போட்டுப் பார்த்தால், உதவித்தொகைப் பணம் அதில் கிடக்கிறது! அவன் வேலைக்குப் போவதற்கு முன்பே வந்துவிட்ட பணம்! அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தான். "மாப்ள, காசு வந்திருக்குடா. செமஸ்டர்தான் போயிருச்சு" என்றான்.

நண்பர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது.

இதில் யார் குற்றவாளி? அரசாங்கம் பணம் தரவில்லையா? தந்தது. கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பவில்லையா? அனுப்பியது. அவன் படிக்கவில்லையா? படித்தான். பின் எங்கே ஓட்டை? இரண்டு இடத்தில். ஒன்று, நமக்கு வழிமுறை தெரியவில்லை. இன்னொன்று, கேட்பதற்கு வெட்கம். முதல் ஓட்டையை ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடலாம். இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நானும் உத்தமன் இல்லை. முதலாம் ஆண்டில் என் விண்ணப்பத்தை ரெக்கார்டு நோட்டுக்கு உள்ளே ஒளித்து வைத்துத்தான் ஆபீசுக்குக் கொண்டு போனேன். "என்னடா, ஓசி காசா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இந்த வெட்கம் நமக்குப் பிறக்கும்போதே வந்ததா? இல்லை. நடு வகுப்பில் கதவைத் தட்டி, "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க, எம்.பி.சி. யாரு யாரு கை தூக்குங்க" என்று கேட்கிறார்களே, அங்கே வந்தது! அறுபது பேர் திரும்பிப் பார்க்க எழுந்து நின்றவன், அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டான். பணம் போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்தே இருப்பான். நான் படித்த பள்ளியில் இது நடந்தது. உங்களில் பலர் படித்த இடங்களிலும் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உதவித்தொகை பிச்சையா? கொஞ்சம் சரித்திரத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் மத்திய அரசுத் திட்டம் 1944-ல் தொடங்கியது. அதாவது சுதந்திரத்துக்கே மூன்று வருடம் முன்னால்! அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலம் அது. பிறகு பழங்குடி மாணவர்களுக்கும் விரிந்தது. ஒரு நாட்டின் பட்ஜெட்டில் எண்பது வருடமாக இடம்பிடித்திருக்கும் தொகை எப்படிப் பிச்சையாகும்? தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் அம்மா சோப்பு வாங்கும்போதும், பிஸ்கட் வாங்கும்போதும் வரி கட்டுகிறார். அந்த வரிப்பணத்திலிருந்து அவர் மகனுக்கு வருவது உரிமை. உரிமையை வாங்கத் தலை குனிய வேண்டியதில்லை, வரிசையில் நின்றால் போதும்.

சரி, டிப்ளமோ படிக்கும் நமக்கு என்னென்ன இருக்கிறது? "அதெல்லாம் இன்ஜினியரிங் காலேஜ்காரங்களுக்குத்தான்" என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அது தப்பு.

முதலாவது, நான் மேலே சொன்ன எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்கான இத்திட்டத்தை 2020 டிசம்பரில் மாற்றியமைத்தார்கள். மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்று பிரித்து, மத்திய அரசின் பங்கு நேராக மாணவனின் வங்கிக் கணக்குக்கே வரும்படி செய்தார்கள். அதனால்தான் கணக்கு விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று கத்துகிறேன்.

இரண்டாவது, பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கான மாநில அரசின் உதவித்தொகை. இதில் நமக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் வந்த அறிவிப்புகளின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவர்களுக்கு இந்த உதவித்தொகையில் நிபந்தனை கிடையாது. பாலிடெக்னிக்காரர்களுக்கோ பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அவர்களுக்கும் மூன்று வருடம், நமக்கும் மூன்று வருடம். ஆர்ட்ஸ் காலேஜ் வீட்டில் எரிவதும் அதே அடுப்புதானே? சங்கங்கள் கோரிக்கை வைக்க வேண்டிய இடம் இது. அது மாறும்வரை, வருமானச் சான்றிதழ் இல்லாமல் நம் விண்ணப்பம் நகராது.

மூன்றாவது, அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டங்கள். மாணவிகளுக்குப் புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5-லும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-லும் தொடங்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024 டிசம்பர் கடைசியில் புதுமைப்பெண் விரிவானது. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதை வாங்கலாம் என்றுதான் விதி வகுத்தார்கள். "அது வாங்குனா இது வராதாம்" என்று கேன்டீனில் யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். கேன்டீன் டீயை நம்பலாம், கேன்டீன் தகவலை நம்பாதீர்கள்!

நான்காவது, ஏ.ஐ.சி.டி.இ. தரும் மூன்று. இவை டிப்ளமோவுக்கும் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மாணவிகளுக்குப் பிரகதி. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு சக்ஷம். தாய் தந்தையை இழந்தவர்களுக்கும், கோவிடில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்களுக்கும் ஸ்வநாத். எந்தத் திட்டமானாலும் வருடத்துக்கு 50,000 ரூபாய். பிரகதிக்கும் சக்ஷமுக்கும் முதலாம் ஆண்டிலோ, நேரடி இரண்டாம் ஆண்டிலோ சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பம். வேறு அரசு உதவித்தொகையோடு சேர்த்து வாங்க முடியுமா என்ற நிபந்தனையை முதலிலேயே படித்துவிட்டு எதற்குப் போடுவது என்று தீர்மானியுங்கள்.

ஐந்தாவது, வீட்டில் கேட்டால் தெரிவது. அப்பா கட்டட வேலை செய்கிறாரா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான மற்ற வாரியங்களிலும் உண்டு. அட்டை பரணில் கிடக்கும், புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்த அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

இதைத் தவிர கல்விக்கடன் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். உதவித்தொகை திருப்பித் தர வேண்டாதது, கடன் திருப்பித் தர வேண்டியது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிகளின் மாதிரித் திட்டத்தில், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சும்மா இருக்காது, ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் உதவித்தொகை, அது போதாவிட்டால் பேங்க் கடன். வட்டிக்காரரின் வாசலுக்கு அம்மாவை அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி, வண்டி எங்கெங்கே பஞ்சர் ஆகிறது என்று பார்ப்போம்.

முதல் பஞ்சர், இனிஷியல். நம் தமிழ்நாட்டுக்கே உரிய பிரச்சினை! பத்தாவது மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால். ஆதாரில் இனிஷியலே இல்லை. பேங்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். மூன்றும் நீதான் என்று உனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரிலும் பேங்கிலும் மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்திவிடுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் அல்ல, சேர்ந்த மாதமே.

இரண்டாவது, வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் போய் தாலுகா அலுவலகத்தில் முடியும். கையில் வந்ததும் எழுத்துக்கு எழுத்து படியுங்கள். எனக்கு 72,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சைபர் கூடி 7,20,000 ஆகிவிட்டது! என் அப்பா ஒரே நாளில் லட்சாதிபதி! சிரித்துவிட்டு நகர முடியாது. அந்த ஒரு சைபரைத் திருத்த நான் மூன்று நாள் லேப் கட் அடித்தேன்.

மூன்றாவது, என் நண்பனைக் கவிழ்த்த பஞ்சர். பேங்க் கணக்கில் ஆதார் நம்பரைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. கணக்கோடு ஆதாரை இணைப்பது ஒரு வேலை. "அரசுப் பணம் இந்த வங்கிக்குத்தான் வர வேண்டும்" என்று என்.பி.சி.ஐ. பதிவேட்டில் ஏற்றுவது இன்னொரு வேலை. ஒரு ஆதாருக்கு அந்தப் பதிவேட்டில் ஒரே நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் ஏற்றினாயோ, பணம் அங்கேதான் போகும். விண்ணப்பத்தில் நீ எழுதிய கணக்கு எண் வேறாக இருந்தாலும் சரி. ஆதார் இணையதளத்திலேயே வங்கி இணைப்பு நிலை என்ற பகுதி இருக்கிறது. ஆதாரோடு பதிந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், இரண்டு நிமிடத்தில் எந்த வங்கி என்று காட்டிவிடும். இந்த இரண்டு நிமிடம் தெரிந்திருந்தால் என் நண்பன் இன்றைக்கு எங்களோடு ப்ராஜெக்ட் செய்துகொண்டிருப்பான்.

நான்காவது, சப்மிட் பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. இல்லை. கல்லூரியில் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். ஏதாவது குறை என்றால் திரும்பவும் உன்னிடமே வந்து நிற்கும். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். "போட்டாச்சு சார்" என்பது பதில் இல்லை. "எங்க சார் நிக்குது?" என்பதுதான் கேள்வி.

இங்கே இரண்டு ஆட்சேபணைகள் வரும் என்று தெரியும். "பைக்கில் வர்றவனும்தான் ஸ்காலர்ஷிப் வாங்குறான்" என்பார்கள். இருக்கலாம். பொய்ச் சான்றிதழ் கொடுக்கிறவன் நம் பெஞ்சுக்காரனின் பங்கைத் திருடுகிறான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒருவன் ஏமாற்றுகிறான் என்பதற்காக, உண்மையாகத் தேவைப்படும் ஒன்பது பேரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது என்ன நியாயம்?

"பணம் வருஷக் கடைசியில்தான் வருது, பீஸ் முதல்லயே கேட்கிறாங்க. அப்புறம் விண்ணப்பிச்சு என்ன பிரயோஜனம்?" என்பது இரண்டாவது. இது நியாயமான கோபம். பசிக்கும்போது சோறு போடாமல், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் ஊற்றுவது போலத்தான் இருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஆதாரம் காட்டுகிற மாணவனுக்குப் பணம் வரும்வரை பீஸுக்கு அவகாசம் தர வேண்டும், அதற்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்று சங்கம் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்பதற்கே கையில் விண்ணப்ப எண் வேண்டும் அல்லவா? அதனால் விண்ணப்பிக்காமல் இருப்பது பதில் ஆகாது.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று நம் ஊரில் பழமொழி சொல்வார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. அழாத பிள்ளைக்குப் பசி இல்லையா? என் நண்பன் அழாத பிள்ளை. அழத் தெரியாதவனின் பசியைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்க வேண்டும். சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? கொடி கட்டவும், கல்ச்சுரல்ஸ் நடத்தவும், மலர் போடவும் மட்டுமா?

அதனால் வருகிற ஆண்டுச் சங்க நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள். அட்மிஷன் நடக்கும் வாரத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு மேசை போடுங்கள். பெயர், சான்றிதழ், வங்கி இணைப்பு மூன்றையும் புதிதாக வரும் ஒவ்வொரு தம்பி தங்கைக்கும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது, பத்து ஜூனியருக்கு ஒரு சீனியர். கடைசித் தேதி வரை அந்தப் பத்து விண்ணப்பமும் அவர் பொறுப்பு. மூன்றாவது, வகுப்பில் சாதி சொல்லி எழுப்பும் பழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பட்டியலை நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டாம். யார் விண்ணப்பம் நிற்கிறதோ, அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பட்ஜெட் தேவையில்லை, ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போதும்.

முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பீஸ் கட்ட முடியவில்லை என்றால் பெஞ்சுக்காரனிடம் சொல்லுங்கள். எச்.ஓ.டி.யிடம் சொல்லுங்கள். எங்களிடம் சொல்லுங்கள். "படிப்பு செட் ஆகல" என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். அந்தப் பொய்யை நம்புவது எங்களுக்கு ரொம்ப சுலபம். அதுதான் அதில் உள்ள ஆபத்து.

போன மாதம் என் நண்பன் மறுபடியும் போன் செய்தான். "திரும்பச் சேர வழி இருக்கா மாப்ள?" என்று கேட்டான். ஆபீஸில் விசாரித்தேன். மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பழைய வங்கி இணைப்பையும் மாற்றிவிட்டான், நானே பார்த்துச் சொன்னேன். ஜூனில் வருவான் என்று நம்புகிறேன். வரும்போது நாங்கள் யாரும் இங்கே இருக்க மாட்டோம். மூன்றாவது செமஸ்டரில், உங்களுக்கு நடுவில், கொஞ்சம் வயது கூடின ஒருவன் வந்து உட்காருவான். பைலிங் நன்றாகச் செய்வான். அதிகம் பேச மாட்டான்.

அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை